கணையத்தின் கைகாட்டி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு கல்வியை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் நாம் உயிரணுவைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. நம் காலனி அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு கணைய அழற்சியால் பெரிதும் துன்புற்றார். "எல்லாம் குடியின் விளைவு" என்று நாம் தீர்ப்புக் கூறிவிட்டோம். மருத்துவர்கள் கண்டதோ பித்தக்கல்! அவர் மதுவைத் தொட்டும் அறியாதவர். அந்த வெட்கமே நம்மை நூல்களைப் புரட்டச் செய்தது.

இரைப்பையின் பின்னே அமைந்தது கணையம். அங்கே செரிமான நொதிகளை ஆக்கும் உயிரணுக்கள் திராட்சைக் கொத்துப்போல் திரண்டுள்ளன. ஒவ்வோர் அணுவும் ஒரு சரக்கு நிலையம் எனலாம். அடிப்புறத்தில் உட்கருவும், மடிப்பு மடிப்பான அகப்பிளாச வலையும் உள்ளன. நொதிகள் உருவாவது அங்கேதான். அவற்றைச் சிப்பமாக்குவது கால்ஜி உறுப்பு. கட்டிய சிப்பங்கள் உச்சிப்புறத்தில் சைமோஜன் துகள்களாய்க் காத்திருக்கும். கினிப்பன்றியின் கணையத்தில் இந்தப் பாதையைத் தடம் கண்டு காட்டிய ஜார்ஜ் பலாடே, 1974-இல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர்.

சரக்கு ஆயத்தம், புறப்படக் கைகாட்டி இறங்க வேண்டுமே? அந்தக் கைகாட்டிதான் கால்சியம். ஓய்விலுள்ள அணுவின் உட்குழம்பில் அது, வெளியே இருப்பதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கே உண்டு. நாம் உண்டதும் நரம்பும் குடலும் செய்தி அனுப்புகின்றன. உடனே அகப்பிளாச வலையில் சேமித்த கால்சியம் வெளிப்படுகிறது. அதைத் திறந்துவிடும் தூதுப்பொருள் ஐ.பி.3 என்பதை 1983-இல் ஆய்வாளர் நால்வர் கணைய அணுக்களிலேயே கண்டறிந்தனர். கால்சியம் உச்சிப்புறத்தில் சில வினாடிகள் உயர்கிறது. துகள்கள் வாய் திறந்து நொதிகளைக் குழாயில் சேர்க்கின்றன. பின்னர்ப் பம்புகள் கால்சியத்தை மீண்டும் அப்புறப்படுத்துகின்றன. இவற்றிற்கு ஆற்றல் தருபவை மைட்டோகாண்ட்ரியங்கள்.

வண்டி சென்றபின் கைகாட்டி பழைய நிலைக்கு ஏறாவிட்டால் என்ன நேரும் என்பதை ரயில்வேக் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கால்சியம் இறங்காது நின்றால் மைட்டோகாண்ட்ரியங்கள் கெடுகின்றன; ஆற்றலின்றிப் பம்புகள் ஓய்கின்றன. சிறுகுடலை அடைந்த பின்னரே விழித்தெழ வேண்டிய டிரிப்சின் அணுவுக்குள்ளேயே விழித்து, பிறந்த வீட்டையே செரிக்கத் தொடங்குகிறது. பித்தக்கல் குழாய்வாயை அடைப்பதாலும் இக்கேடு விளையும். மது உடலில் மாறித் தோன்றும் பொருள்களாலும் விளையும். வேறு காரணங்களும் உண்டு. நோயை மட்டும் கண்டு நோயாளியின் ஒழுக்கத்தை அளப்பது எவ்வளவு பேதைமை!

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். மேல்வயிற்றில் தோன்றி முதுகுவரை பரவும் கடும் வலியும் வாந்தியும் கண்டால், கைவைத்தியத்தில் காலம் போக்காது உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மதுப்பழக்கம் உள்ளவர்கள் அதனை விட்டொழியுங்கள்.

அவ்வன்பர் நலம்பெற்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். பெயர் கூற மாட்டோம். அவர் நோயுற்றிருந்த நாளில் அவர் வீட்டு வாயிலை மிதிக்கத் தவறிய நம்மனைவர் சார்பிலும் மன்னிப்பு வேண்டி அமைகிறோம்.