படிப்பகத் தேர்வும் பொதுத்தேர்வு நாளும்

(பங்கின் வெள்ளிவிழா ஆண்டில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், மாலைநேரப் படிப்பகத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

தவக்காலமும் அரசுப் பொதுத்தேர்வும் நமக்குச் சேர்ந்தே வருகின்றன. முடிவு வெளியான பிறகு பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படிப்பகத்தில் வைத்த தேர்வுகளில் எல்லாம் எண்பது வாங்கினானே, பொதுத்தேர்வில் மட்டும் ஏன் ஐம்பதோடு நின்றான்?" பிள்ளை ஏமாற்றிவிட்டான் என்று சிலர் முடிவும் கட்டிவிடுகிறார்கள். அது நியாயமன்று.

படிப்பகத்தில் பிள்ளை உட்காருவது பழகிய பாயில். வினாத்தாளில் எழுத்துப் பிழை இருந்தால் எழுந்து கேட்பான். நடுவில் தண்ணீர் குடிப்பான். கையெழுத்து கோணினாலும் எங்களுக்கு அது பழக்கம். சிவப்பு மையில் திருத்தி மறுநாளே கையில் கொடுத்துவிடுகிறோம்.

பொதுத்தேர்வு அப்படியா? நுழைவுச்சீட்டு, சோதனை, பதிவெண் ஒட்டிய மேசை, முன்பின் அறியாத கண்காணிப்பாளர். தன் பள்ளியே மையமாக அமைந்தாலும் அறைக்குள் நிற்பவர் வேறு பள்ளி ஆசிரியர்தாம். உறையின் முத்திரையைப் பிள்ளைகள் கண்முன் காட்டிப் பிரிக்கிறார்கள். காலை 10 மணிக்கு வினாத்தாள். படிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம், 10.15க்கு எழுதத் தொடங்கினால் 1.15 வரை. விடைத்தாளின் முகப்பில் தன் புகைப்படமே அச்சாகியிருக்கும். திருத்துபவருக்கு அவன் யாரென்று தெரியாது; அவனுக்கும் அவரைத் தெரியாது.

இந்தப் புதுமையெல்லாம் ஒன்றுசேரும்போது அச்சம் மனத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது. கணக்கைப் போட வேண்டிய அறிவு அச்சத்தைச் சுமந்து நிற்கிறது. முதல் வினா தெரியாவிட்டால் தெரிந்த பத்தும் மறக்கிறது. எழுதியது அத்தனையும் தவறென்று எண்ணித் தானே கோடிட்டு அடித்துவிடும் பிள்ளைகளும் உண்டு. தேர்வுத் துறை அதை ஒழுங்கீனமாகக் கருதித் தண்டிக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

மாதிரித் தேர்வு வீண் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பாடத்தை நினைவில் நிறுத்த அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. ஆனால் அது பாடத்தைப் பழக்குகிறதே தவிர, அந்த நாளைப் பழக்குவதில்லை.

மாணவர்களின் பாதுகாவலரான கூப்பர்தீனோ நகர்ப் புனித யோசேப்பு (1603–1663) தேர்வுக்குச் சென்றபோது, அவருக்கு விளக்கத் தெரிந்த ஒரே நற்செய்தி வசனத்தையே ஆயர் கேட்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அவரை மன்றாடுங்கள், ஆனால் ஒரே பாடத்தைப் படித்துவிட்டுப் போக வேண்டாம்!

வீட்டில் செய்ய வேண்டியவை சில. முந்திய நாளே மையத்துக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று வழியைக் காட்டுங்கள். எழுதிவிட்டு வந்தவனை வாசலில் நிறுத்தி வினாத்தாளைப் பிரித்து விசாரணை நடத்தாதீர்கள். அடுத்த பாடம் அதனால்தான் கெடுகிறது. வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சுத்தபோசனம் உண்டு, பட்டினி இல்லை. அவனுக்காக நேர்ந்துகொண்ட தாய் தான் ஒருசந்தி இருக்கட்டும். அவனுக்கு இட்லி கொடுக்கட்டும்.

முடிவு வெளியாகும் நாட்களில் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். 35 மதிப்பெண் வராத பாடத்தை அதே ஆண்டில் துணைத்தேர்வில் எழுதலாம். தேறினால் அவ்வாண்டே பதினொன்றாம் வகுப்பிலும் சேரலாம். இதைப் பிள்ளைக்கு முடிவு வந்த பிறகு சொல்வதைவிட, தேர்வுக்கு முன்பே, அதுவும் தந்தையின் வாயால் சொல்வது நல்லது.

வரும் தவக்காலத்தின் முதல் மூன்று சனிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் முழுத்தேர்வு வைக்கிறோம். மேசை உண்டு, பதிவெண் உண்டு, பேச்சு இல்லை. கண்காணிக்கப் பக்கத்துப் பங்கின் ஆசிரியர்களை அழைத்திருக்கிறோம். பிள்ளைகள் 9.30 மணிக்கே வந்துவிட வேண்டும். பெற்றோர் சன்னல் ஓரம் நின்று எட்டிப் பார்க்க வேண்டாமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.