அணைக்குக் கீழே ஒரு குளிர்நீராறு

ஆற்று நீர் வானத்தின் கொடை. மழை பெய்தால் அது பெருகும், பொய்த்தால் வற்றும் என்பது உழவர் முதலாக யாவரும் அறிந்த உண்மை. ஆயினும், வானம் தெளிந்திருக்க, ஒரு துளி மழையுமின்றிச் சிறிது நேரத்துள் பல அடி உயர்ந்துவிடும் ஆறுகளும் இவ்வுலகில் உள. அவற்றுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் ஆக்கன்சோ மாநிலத்திலே, ஓசாக் மலைப்பகுதியிற் பிறந்து ஓடும் லிற்றில் றெட் ஆறு. சிறிய வள்ளமொன்றில் அமர்ந்து தூண்டிலிட்டு ட்றவுட் மீன் பிடிப்போர் நாடிச் செல்லும் ஆறு அது. அங்கு மீன் பிடிக்கச் செல்பவர் மீனை மட்டும் அறிந்திருந்தாற் போதாது. மின்சாரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். அது எவ்வாறு என்பதை நேயர்கள் இனிக் கேட்கலாம்.

வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் பெறவும் இவ்வாற்றின் குறுக்கே கிறீயேர்ஸ் பெரி என்னும் அணைக்கட்டு எழுப்பப்பட்டது. அதன் உயரம் 243 அடி. 1963ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள் சனாதிபதி கென்னடி அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஐம்பது நாட்களின் பின்னர் அவர் கொலையுண்டார் என்பது உலகறிந்த செய்தி.

அணைக்குப் பின்னே தேங்கிய ஏரியின் மேற்பரப்பு வெயிலால் வெப்பமுறும். வெப்பமுற்ற நீர் இலேசானது. ஆதலால் அது மேலே நிற்கும். கனத்த குளிர்நீர் அடியிலே தங்கும். மின்பொறிகளைச் சுழற்றி வெளியேறுவது ஆழத்திலுள்ள இக்குளிர்நீரே. ஆகவே, கரையிலே கோடை வெயில் கொளுத்தும்போதும் அணைக்குக் கீழேயுள்ள ஆறு குளிர்ந்தே ஓடுகின்றது. இளஞ்சூடான நீரிலே பழகிய சுதேச மீன்களுக்கு இம்மாற்றம் ஒவ்வவில்லை. அவற்றுக்கு ஈடாகக் குளிர்நீரை விரும்பும் ட்றவுட் மீனை ஆற்றில் விடுவதென முடிவாயிற்று. அணையின் அடியிலேயே அரசினர் மீன்குஞ்சுப் பண்ணையொன்றை நிறுவினர்.

குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருக்கும். அதுவே ட்றவுட் மீனுக்கு இன்றியமையாதது. இம்மீன் இவ்வாற்றுக்கு அந்நியமானது. கபில நிற ட்றவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வானவில் ட்றவுட் பசிபிக் சமுத்திரத்தை நோக்கி ஓடும் ஆறுகளுக்குரியது. இலங்கையின் மலைநாடும் இவ்விருந்தாளியை அறியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் நுவரெலியாப் பகுதியின் ஓடைகளில் ட்றவுட் மீனை விட்டனர். வானவில் ட்றவுட் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளிலே நிலைத்துவிட்டது. லிற்றில் றெட் ஆற்றிலோ கபில நிற ட்றவுட் வியத்தகு வளர்ச்சி பெற்றது. 1992ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு பிடிபட்ட ஒரு மீன் 40 இறாத்தல் 4 அவுன்சு நிறையுடையது. அவ்வினத்திலே உலகிற் பெரியது என்ற புகழை அது 2009ஆம் ஆண்டுவரை தாங்கி நின்றது.

இனி வள்ளத்தைப் பற்றிச் சில சொற்கள். கயாக் எனப்படும் இது வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிற் மக்களின் ஆக்கம். கடல் ஒதுக்கிய மரத்தாலோ எலும்பாலோ சட்டமமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்கென அவர்கள் இதனைச் செய்தனர். இன்று ஆறுகளிற் செல்லும் கயாக்குகள் பெரும்பாலும் பிளாத்திக்கினால் வார்க்கப்படுவன. மீன் பிடிப்போர் விரும்புவது உள்ளே புகுந்து அமரும் வகையையன்று; மேலே அமரும் வகையையே. அதன் தட்டில் ஏறும் நீர் துளைகளின் வழியே தானே வடிந்துவிடும். கட்டுமரத்தைக் கண்டவர்களுக்கு இந்த அமைப்பு புதுமையாகத் தோன்றாது.

இவ்வள்ளத்துக்கு ஒரு சாண் ஆழ நீரே போதும். இயந்திர ஓசை இல்லை; அமர்ந்திருப்பவரின் உருவமும் நீர்மட்டத்துக்கு மேல் அதிகம் உயர்வதில்லை. ட்றவுட்டோ ஐயுறவு மிகுந்த மீன். நீரின் அதிர்வை உடலின் பக்கக் கோட்டினால் உணரும்; கரையில் நிமிர்ந்து நிற்பவரின் நிழலசைந்தாலும் மறைந்துவிடும். அது எப்பொழுதும் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஏனெனில் அதன் உணவு மேலிருந்து மிதந்து வருவது. வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் சந்திக்கும் விளிம்பிலும், பாறைகளின் பின்புறத்திலும் அது காத்திருக்கும். அங்கே சிறிதளவு முயற்சியோடு நிலையாய் நின்று, பக்கத்து ஓட்டம் கொண்டுவரும் பூச்சிகளைப் பற்றிக்கொள்ளலாம். கைதேர்ந்தவர் துடுப்பை ஓரிரு முறை மட்டுமே அசைத்து, வள்ளத்தை ஓட்டத்தோடு மிதக்கவிட்டு, அவ்விளிம்பின் மேற்பகுதியிலே தூண்டிலை இடுவார். இரையும் வள்ளமும் ஒரே வேகத்திற் செல்வதால் இரை இயற்கையாய் மிதந்து வருவதுபோலத் தோன்றும். இதுவே கயாக்கிலிருந்து மீன் பிடிப்பதன் நுட்பம்.

ஆனால் இந்த அமைதிக்குள்ளே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. கோடைப் பிற்பகலிலே நகரங்களில் வெப்பந் தாங்காத மக்கள் குளிரூட்டிகளை இயக்குவர், மின்சாரத் தேவை ஏறும், மின்பொறிகள் சுழலும், ஆறு உயரும். எங்கோ ஒரு வீட்டிலே ஒருவர் அழுத்தும் விசைக்கும், ஆற்றின் நடுவே கூழாங்கல் திட்டிலே நிற்பவரின் உயிருக்கும் இவ்வாறு தொடர்பு ஏற்படுகின்றது. நீர் திறக்கும்போது அணையில் எச்சரிக்கை ஒலி எழும்; பல மைல் கீழே இருப்பவருக்கு அது கேளாது. பெருக்கு அவரிடம் வந்து சேர மணிக்கணக்காகும். வரும்போது முன்னறிவிப்பின்றி வரும்.

ஆகையால், அனுபவமுள்ளோர் மின்னுற்பத்தி நேரத்தை விசாரித்தறியாமல் ஆற்றில் இறங்குவதில்லை. இறங்கிய பின்னரும் நீரோரத்திலே ஒரு கல்லை அடையாளமாகக் கொள்வர். உலர்ந்திருந்த கல் நனைந்தாலும், இலைகளும் சுள்ளிகளும் திடீரென மிதந்து வந்தாலும், மறுகணமே கரையை நாடுவர். வள்ளத்தைத் திட்டிலே வெறுமனே விட்டுச் செல்லாது உயரமான இடத்திற் கட்டிவைப்பர். வேகமான ஓட்டத்தில் நங்கூரமிடுவதைத் தவிர்ப்பர். நீர் உயரும்போது நங்கூரக் கயிறே வள்ளத்தைக் கீழே இழுத்துக் கவிழ்த்துவிடக் கூடும். இடவே நேர்ந்தால், கயிற்றை அறுக்கக் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். மிதவையங்கியைக் கழற்றவே மாட்டார்கள். குளிர்நீரில் திடீரென வீழ்ந்தவர் தம்மையறியாமலே மூச்சை உள்ளிழுப்பார். அந்த முதல் மூச்சிலே நீர் புகுமாயின், நீச்சல் வல்லாரும் மாள்வர்.

இவ்வாற்றின் வரலாற்றிலே இன்னொரு மீனும் உண்டு. அதனைத் தேடி எவரும் தூண்டிலோடு வருவதில்லை. இரண்டரை அங்குல நீளமே உடைய, மஞ்சள் நிறக் கன்னத்தையுடைய குறுமீன் அது. லிற்றில் றெட் ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள ஓடைகளையன்றி உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. கற்களுக்கிடையே விரைந்தோடும் தெளிந்த நீரே அதன் இல்லம். அணை நீர் தேங்கியபோது அவ்வோடைகளின் கீழ்ப்பகுதிகள் ஏரியுள் மூழ்கின. அறிவியலாளர் அம்மீனை முறைப்படி விவரித்துப் பெயரிட்டது 1964ஆம் ஆண்டிலேதான். அணையின் அர்ப்பண விழா நிகழ்ந்ததற்கு மறு ஆண்டு. பெயர் கிடைக்குமுன்னரே அதன் வீட்டின் ஒரு பகுதி போய்விட்டது. 2011ஆம் ஆண்டில் அது அழியும் நிலையிலுள்ள உயிரினமென அறிவிக்கப்பட்டது.

அணையால் வெள்ளம் அடங்கியது; வீடுகள் ஒளிபெற்றன; அயல்நாட்டு மீனொன்று செழித்தது; உள்ளூர் மீனொன்று ஒடுங்கியது. இந்நான்கும் ஒரே செயலின் விளைவுகள். ஒன்றை மட்டும் எண்ணி மகிழ்வதும், ஒன்றை மட்டும் எண்ணிச் சினப்பதும் முழு உண்மையாகா. மூங்கிலோ உலோகமோ கொண்டு செய்த தூண்டிற் கோல் எதுவாயினும், அதனை ஏந்தி அவ்வாற்றில் மிதப்பவர் செய்யத்தக்கவை சில உண்டு. உண்ணுதற்கு வேண்டாத மீனைக் கையை நனைத்தபின் பற்றி, நீருக்கு மேலே நெடுநேரம் வைத்திராது விடுவித்தல். இலையுதிர் காலத்திலே கபில நிற ட்றவுட் முட்டையிடும் கூழாங்கற் படுகைகளை மிதியாதிருத்தல் என்பன அவை. மனிதன் மாற்றியமைத்த ஆறு, மனிதனின் கவனத்தை விட்டு ஒரு நாளும் விடுதலை பெறுவதில்லை. அதனை ஆக்கியவர்களுக்கும் அதில் இன்புறுவோர்க்கும் அப்பொறுப்பு உரியது.