ஒடிந்த இறகைப் பிடுங்காதீர்கள்

அடிபட்ட பருந்தைக் கண்டால் துணி போட்டு மூடிப் பிடிக்கணும், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைக்கணும், வனத்துறைக்குச் சொல்லணும். இதெல்லாம் நீங்கள் பலமுறை கேட்டதுதான். நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடக்கவேண்டிய வேலையைப் பற்றி.

இப்போது ஒரு பழக்கம் பரவிவருகிறது. பருந்தை மீட்ட மறுநாளே ஏரிக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். செல்போனில் படம் பிடித்தபடி வானத்தை நோக்கி வீசுகிறார்கள். அது பனைமர உயரம் ஏறிவிட்டால் கைதட்டல். எனக்கு இது பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் அது இரை பிடித்ததா என்று யார் பார்த்தார்கள்? பறப்பது வேறு, பிழைப்பது வேறு.

எங்கள் குருவிநத்தம் பக்கம் மீன்குட்டை வலையில் சிக்கிய செம்பருந்து ஒன்றைக் கம்பிவலைக் கோழிக்கூண்டில் சில நாள் வைத்திருந்தார்கள். எலும்பு முறியவில்லை, காயமும் இல்லை. ஆனால் வாலிறகு எல்லாம் கம்பியில் அடித்து ஒடிந்துவிட்டது. பருந்துக்கு வாலில் 12 இறகு, ஒவ்வொரு இறக்கை நுனியிலும் 10 நீள இறகு. இவற்றில் சில ஒடிந்தாலே திரும்ப முடியாது, பாய முடியாது. இறகு உதிர்ந்து புதிது முளைக்கப் பல மாதம் ஆகும். அதுவரை அடைத்து வைத்தால் தசை வற்றிப்போகும்.

இதற்கு அருமையான வைத்தியம் இருக்கிறது. இறகு ஒட்டுதல். வல்லூறு வளர்த்து வேட்டையாடியவர்களின் பழைய கைவேலை இது. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரடெரிக் அந்த வேட்டை பற்றிய தம் நூலிலேயே இதை எழுதியிருக்கிறார்.

இறகு நம் நகம் போலத்தான். வெட்டினால் வலிக்காது. ஒடிந்த இறகின் தண்டை ஒழுங்காக நறுக்கினால் உள்ளே குழல். இறந்துபோன அதே இனப் பறவையின் இறகை, வனத்துறை அனுமதியோடு எடுத்து வைத்திருப்பார்கள். இடப்பக்கத்து மூன்றாம் இறகுக்கு இடப்பக்கத்து மூன்றாம் இறகேதான் வேண்டும். மூங்கில் சிம்பை மூன்று பட்டையாகச் சீவுவார்கள். உருண்டையாக இருந்தால் இறகு உள்ளே சுழன்றுவிடும். சிம்பில் பாதி புது இறகுக்குள், பாதி பழைய தண்டுக்குள். பசை பக்கத்து இறகில் படாமல் அடியில் ஒரு காகிதம். காய்ந்தால் முடிந்தது. அடுத்த முறை இறகு உதிரும்போது ஒட்டியதும் சேர்ந்து விழும், சொந்த இறகு முளைக்கும்.

அந்தச் செம்பருந்துக்கு மருத்துவர் இப்படித்தான் ஒட்டினார். பிறகு நீளக் கூண்டில் பறக்கவிட்டு, இளைக்காமல் பறக்கிறதா, இரையைத் தானே பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டோம்.

இந்தப் பொறுமைக்கு இன்னொரு எடுத்துக்காட்டு: தில்லி வஜீராபாத்தில் நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்ற சகோதரர்கள் பட்டம் விடும் மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்ட கரும்பருந்துகளை ஆண்டுக்கணக்கில் தைத்துத் தேற்றிவருகிறார்கள். சிறுவயதில் அவர்கள் கொண்டுபோன பருந்தை, இறைச்சி தின்னும் பறவை என்று ஒரு பறவை மருத்துவமனை சேர்த்துக்கொள்ளவில்லை. 2022இல் அவர்களைப் பற்றி வந்த ஆவணப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். நான் அவர்களிடம் மதிப்பது பொறுமையை. தேறாத பறவையை அவசரப்பட்டு விடுவதில்லை. நைலான் மாஞ்சாவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடைசெய்தும், அடிபட்ட பறவைகள் அவர்களிடம் வந்தபடிதான் இருக்கின்றன.

மறுபடியும் சொல்கிறேன். ஒடிந்த இறகைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வேர் கெட்டு, கோணலாக முளைக்கும், முளைக்காமலே போகலாம். கம்பிக்கூண்டில் அடைக்காதீர்கள். தயிர்சோறு ஊட்டாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இருட்டான அட்டைப்பெட்டி ஒன்று போதும். மீதியை மருத்துவரிடமும் வனத்துறையிடமும் விடுங்கள். தானே வேட்டையாடும் நாள்வரை அதை வானத்தில் வீச யாருக்கும் உரிமை இல்லை.