பள்ளிகளை ஒப்பிடும் முறை

(கட்டுமாவடியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வட்டாரத்து அரசினர் பள்ளிகளுள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மிக்க தேர்ச்சி விழுக்காடு பெறும் பள்ளிக்கு நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சுழற்கேடயம் ஒன்று வழங்கலாம் என்னும் கருத்து நிருவாகக் குழுவின்முன் உள்ளது. அதுபற்றிச் சில கூறுமாறு என்னைப் பணித்தனர். கல்வியின் பொருட்டுப் பரிசில் ஈதல் போற்றத்தக்கதே. ஆயினும், எதனை அளந்து ஈவது என்பதை முன்னர் ஆராய்தல் கடனாகும்.

இரு பொருள்களை ஒப்பிடுங்கால் நம் மொழியில் வந்து நிற்பது ஐந்தாம் வேற்றுமை. நன்னூலார் அதற்கு ஒப்பு ஒன்றையே பொருளாக வைத்தாரல்லர். நீங்கல், எல்லை, ஏது என்பவற்றையும் உடன் வைத்தார். பள்ளிகளை ஒப்பிடுவார்க்கும் இந்நான்கும் வேண்டும் என்பதே யான் கூற வந்தது.

முதலாவது, ஒப்பு. 2025ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியோருள் 93.80 விழுக்காட்டினர் தேறினர். இத்துணைப் பேர் தேறும் தேர்வில், ஒரு பள்ளிக்கும் மற்றொரு பள்ளிக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இரண்டு மூன்று பிள்ளைகளின் இடைவெளியே. 50 பேர் எழுதும் சிற்றூர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் 2 விழுக்காடு குறையும். 200 பேர் எழுதும் நகரப் பள்ளியில் அரை விழுக்காடே குறையும். அன்றியும், ஒவ்வொரு பாடத்திலும் 35 பெற்றவனும் 95 பெற்றவனும் இக்கணக்கில் ஒருவரையொருவர் ஒத்தவரே. பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என மாணவரை வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கத்தை நம் அரசு 2017இல் கைவிட்டது. பிள்ளைகளுக்கு ஆகாதென விலக்கியதைப் பள்ளிகளின்மேல் ஏற்றுவது தகுமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, நீங்கல். விளங்கும்பொருட்டுக் கற்பனைக் கணக்கொன்று கூறுவேன். இரு பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் 100 பிள்ளைகள் வீதம் சேர்ந்தனர் என்று கொள்வோம். ஒன்றில் 60 பேரே தேர்வு வரை நின்றனர். 60 பேரும் தேறினர். மற்றதில் 95 பேர் நின்றனர். 86 பேர் தேறினர். முன்னதை நூறு விழுக்காட்டுப் பள்ளியென்று ஊர் கொண்டாடும்; பின்னது 90 விழுக்காட்டுப் பள்ளியென்று பின்னே தள்ளப்படும். வேறு பள்ளிக்கு மாறிச் சென்றாரை நீக்கி எண்ணினும், எஞ்சிய பிள்ளைகள் எங்கே என்னும் வினா நிற்குமன்றோ?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகளையே, எட்டாம் வகுப்பளவுமே, காக்கின்றது. ஒன்பதாம் வகுப்பில் அக்காவல் இல்லை. விழுக்காட்டிற்குக் கேடயம் என்று நாம் பறைசாற்றினால், கற்றலில் பின்தங்கிய பிள்ளையை அவ்வகுப்பிலேயே நிறுத்திவைக்கவோ, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பவோ அது தூண்டுகோலாகலாம். நாம் கொடுக்கும் வெள்ளிக் கேடயத்தின் விலையை அவ்வேழைப் பிள்ளை கொடுக்க நேரும்.

மூன்றாவது, எல்லை. உயர்நிலைப்பள்ளி பத்தாம் வகுப்போடு முடிவது. மேல்நிலைப்பள்ளி பன்னிரண்டாம் வகுப்பு வரை செல்வது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்த நாள்தொட்டு, பத்தாம் வகுப்பு முடிந்த சிற்றூர்ப் பிள்ளை அடுத்த ஊரை நாடும் நிலை பல இடங்களில் உண்டாயிற்று. பேருந்து வரும் வேளையே ஒரு பெண்ணின் படிப்பிற்கு எல்லையாகி விடுவதைத் தாய்மார்கள் அறிவீர்கள். ஆதலின், தேறினோர் எத்துணையர் என்பதோடு, அவருள் பதினொன்றாம் வகுப்பிற்கோ தொழிற்பயிற்சிக்கோ சென்றோர் எத்துணையர் என்றும் கேட்டல் வேண்டும்.

நான்காவது, ஏது. கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் முதலிய நம் கரையூர்களில் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் கடலுக்குச் செல்லா. தேர்வு முடிவு வருவதும், மேல்வகுப்பிற்குச் சேர்க்கை நடப்பதும் அந்நாள்களிலேயே. வீட்டில் வருவாய் அற்றிருக்கும் பருவத்தில் மகனை மேலே படிக்கவைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்னும் கேள்வி எழுகின்றது. 2018 நவம்பர் 16இல் கரையேறிய கசாப் புயல் வீட்டுக்கூரையையும் தென்னையையும் சாய்த்தபின், நான்கு திங்களில் அவ்வாண்டுப் பிள்ளைகள் தேர்வு எழுதினர். இவற்றை எண்ணாது, கரையூர்ப் பள்ளியையும் அறந்தாங்கி நகரப் பள்ளியையும் ஒரே தட்டில் நிறுப்பது நடுவுநிலை ஆகாது. கணக்கிற்கோ ஆங்கிலத்திற்கோ ஆசிரியர் இல்லாது பல திங்கள் கழிந்த பள்ளியையும் அவ்வாறே காண்க. அங்குக் குறை பிள்ளைகளிடத்தன்று.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு இவ்வகை எண்ணுமுறை புதிதன்று. 1991இல் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, வகுப்பிற்கு வந்தோரை மட்டும் கணக்கிட்டு மகிழ்ந்திருக்கவில்லை. எழுத்தறியாதார் எவ்வெவ்வீட்டில் உளர் என்று தேடிச் சென்றனர். மிதிவண்டி ஏறிய நம் மகளிர் அக்காலத்தில் நாடறிந்தவராயினர். விடுபட்டாரைத் தேடியமையே அவ்வியக்கத்தின் வலிமை.

ஆகவே யான் வேண்டுவன மூன்று. ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோருள் பத்தாம் வகுப்பைத் தேறி முடித்தோர் எத்துணையர் என்பதையும், அவருள் மேற்படிப்பிற்குச் சென்றோர் தொகையையும் கொண்டே பரிசில் முடிவு செய்யப்பெறுக. இது முதலாவது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்ற பெற்றோர் வழியாக ஆசிரியப் பணியிட வெறுமையைக் கேட்டறிந்து, அதனை நிரப்புமாறு கல்வி அலுவலர்க்குச் சங்கம் விண்ணப்பிக்க. இஃது இரண்டாவது. மூன்றாவது, இக்கணக்கில் நம்மவர் பிள்ளைகளை மட்டும் எண்ணற்க. ஒரே பலகையில் அமரும் பிள்ளைகளுள் ஒருவன் நின்றுவிட, மற்றவன் மட்டும் தேறுவதால் ஊர் உயர்ந்துவிடாது. சங்கம் நம்முடையதாயினும் பள்ளி எல்லார்க்கும் உரியது.

கேடயத்திற்கென ஒதுக்கிய தொகையை, ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளைகளைத் தேடிக் கொணர்ந்து மீண்டும் சேர்ப்பதற்குச் செலவிடினும் யான் மிக மகிழ்வேன். வரும் ஜூன் திங்களில் பள்ளி திறக்குமுன் இதனைத் தீர்மானிக்குமாறு குழுவினரை வேண்டி அமைகின்றேன்.