லாபம் யார் கைக்குப் போனது: கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் இரண்டு பிறவிகள்



அண்டை நாடுகள் சேர்ந்து அமைக்கும் வட்டார அமைப்புகள் பொருளாதார ஒத்துழைப்பை எப்படி வளர்க்கின்றன என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். இந்தப் பொருளைத் தொட்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து தொடங்குவார்கள். 1951இல் ஆறு நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்த கதை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. இந்த உரை அருஷாவிலிருந்து தொடங்குகிறது. தான்சானியாவின் வடக்கே, மேரு மலையடிவாரத்தில் இருக்கும் அந்நகரம்தான் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் தலைமையிடம்.

அந்த அமைப்பு ஒரு முறை செத்துப் பிழைத்தது. 1967இல் பிறந்து 1977இல் மடிந்தது. பிறகு அதே ஊரில், அதே பெயரில் 2000இல் மீண்டும் எழுந்தது. ஒரே நிலப்பரப்பில், கென்யா, உகாண்டா, தான்சானியா என்ற அதே மூன்று நாடுகள் மையமாக நின்று செய்த இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு எளிதில் அமைவதில்லை. அப்படிப் பார்க்கும்போது ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி முன்னே வந்து நிற்கிறது. வணிகம் எவ்வளவு பெருகியது என்பதல்ல அது. பெருகிய வணிகத்தின் லாபம் எந்த நாட்டில் தங்கியது என்பதே அந்தக் கேள்வி.

முதல் பிறவியின் வேர் காலனி ஆட்சியில் இருக்கிறது. மொம்பாசாவில் 1896இல் தொடங்கிய உகாண்டா ரயில்பாதை 1901இல் விக்டோரியா ஏரியைத் தொட்டது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உழைப்பு அது. கென்யாவும் உகாண்டாவும் 1917இல் சுங்க ஒன்றியமாயின. அடுத்த பத்தாண்டுகளில் இன்றைய தான்சானியாவின் பெருநிலமான டாங்கனிகாவும் சேர்ந்தது. மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷில்லிங், ஒரே அஞ்சல், ஒரே ரயில்வே, ஒரே விமான நிறுவனம். 1963இல் மூன்றுக்கும் பொதுவாக ஒரு பல்கலைக்கழகம்கூட உருவாயிற்று. யூரோ நாணயம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கம்பாலாவில் வாங்கிய சம்பளத்தை டார் எஸ் சலாமில் அப்படியே செலவிட முடிந்தது. இணைப்பின் அளவை மட்டும் வைத்து மதிப்பிட்டால், அன்றைய உலகில் இதற்கு ஈடாக வெகு சில பகுதிகளே இருந்திருக்கும்.

ஆனால் அந்த வீட்டின் அடுப்பு ஒரே அறையில் எரிந்தது. வெள்ளைக் குடியேறிகள் கென்யாவில் இருந்தார்கள். அதனால் வங்கியும் தொழிற்சாலையும் பொதுச் சேவைகளின் தலைமை அலுவலகங்களும் நைரோபியில் குவிந்தன. இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஏனென்றால் சுங்க ஒன்றியம் என்ற ஏற்பாடு ஏழை உறுப்பினரை எப்படிப் பாதிக்கிறது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. டாங்கனிகாவில் ஒருவர் சோப்பு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுச் சோப்பு மலிவாக இருக்கலாம். பொதுத் தீர்வை அதன் விலையை ஏற்றிவிடுகிறது. ஆகவே அவர் நைரோபியில் செய்த சோப்பை, சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். வெளிநாட்டுச் சோப்பு வந்திருந்தால் அவருடைய அரசுக்குத் தீர்வை கிடைத்திருக்கும். அது இப்போது இல்லை. தொழிற்சாலை தன் ஊரில் இருந்திருந்தால் வேலையாவது கிடைத்திருக்கும், அதுவும் இல்லை. வாங்குபவரின் பணமும் அரசின் வருமானமும் ஒரே திசையில், எல்லை தாண்டிப் போய்விடுகின்றன. மொத்த வணிகப் புள்ளிவிவரத்தில் இது ‘வளர்ச்சி’ என்றே பதிவாகும்.

1967 ஜூன் மாதம் கம்பாலாவில் கையெழுத்தான உடன்படிக்கை இதை அறியாமல் எழுதப்பட்டதல்ல. அதை எழுதியவர்களின் கவலை அதன் ஒவ்வொரு பிரிவிலும் தெரிகிறது. தொழில்வளம் குறைந்த நாடு, தானும் செய்யக்கூடிய பொருள்கள் பக்கத்து நாட்டிலிருந்து வந்தால் அவற்றின் மேல் ஒரு தற்காலிக வரி போடலாம். எட்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. கிழக்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி தன் முதலீட்டில் உகாண்டாவுக்கும் தான்சானியாவுக்கும் தலா 38.75 சதவீதமும், கென்யாவுக்கு 22.5 சதவீதமும் ஒதுக்க வேண்டும். மூலதனத்தை மூவரும் சமமாகப் போட வேண்டும். அலுவலகங்களும் பிரிக்கப்பட்டன: ரயில்வே நைரோபியில், துறைமுகக் கழகம் டார் எஸ் சலாமில், அஞ்சலும் வங்கியும் கம்பாலாவில், செயலகம் அருஷாவில்.

நல்ல எண்ணம்தான். மருந்தின் அளவு போதவில்லை. தொழிற்சாலை என்பது துறைமுகம், மின்சாரம், தேர்ந்த தொழிலாளர், ஏற்கெனவே இருக்கும் மற்ற தொழிற்சாலைகள் ஆகியவற்றைத் தேடிப் போவது. ஒரு சிறிய வங்கியின் ஒதுக்கீட்டு விகிதம் அந்த ஈர்ப்பை மாற்றிவிடாது. தற்காலிக வரியோ எதிர்பாராத விளைவைத் தந்தது. ஒவ்வொரு நாடும் பக்கத்து நாட்டில் இருக்கும் ஆலையையே தன்னிடமும் கட்ட முனைந்தது. நைரோபியில் ஒரு டயர் ஆலை, அருஷாவில் இன்னொரு டயர் ஆலை என்று, ஒரு பெரிய சந்தைக்காகச் சேர்ந்தவர்கள் சின்னச் சின்ன சந்தைகளுக்கு உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1966இல், பொது நாணயம் மூன்றாகப் பிரிந்திருந்தது.

1971 ஜனவரியில் இடி அமீன் உகாண்டாவில் ஆட்சியைக் கைப்பற்றினார். தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே அவரோடு ஒரே மேசையில் அமர மறுத்தார். நைரேரேயின் மறுப்பில் அறம் இருந்தது; அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சமூகத்தின் உச்ச அமைப்பு மூன்று அதிபர்கள் கூடும் ஆணையம். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் எந்த முடிவும் செல்லும். அந்த ஆணையம் அதற்குப் பிறகு கூடவே இல்லை. ரயில்வே வருமானத்தைத் தலைமையகத்துக்கு அனுப்புவதில் தகராறு, அந்நியச் செலாவணியில் தகராறு, யார் யாருக்குக் கடன் என்பதில் தகராறு, தீர்த்துவைக்க ஆளில்லை. 1977 தொடக்கத்தில் பொது விமான நிறுவனம் நின்றது. கென்யா தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியது. தான்சானியா எல்லையை மூடியது. மூடிய எல்லை 1983 வரை திறக்கவில்லை. சொத்தையும் கடனையும் பங்கு பிரிக்க ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த விக்டர் உம்பிரிக்ட் என்ற மத்தியஸ்தர் வந்தார். 1984இல்தான் பாகப் பிரிவினை முடிந்தது.

எல்லாமே அழிந்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வளர்ச்சி வங்கி பிழைத்தது. உகாண்டாவின் சொரோட்டியில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி பிழைத்தது. பல்கலைக்கழகங்களின் கூட்டு மன்றமும் வேறு வடிவில் தொடர்ந்தது. அதிபர்களின் கையெழுத்துக்கு அன்றாடம் காத்திருக்கத் தேவையில்லாத நிறுவனங்களுக்கு ஆயுள் நீண்டதா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

பாகப் பிரிவினைப் பத்திரத்திலேயே, எதிர்காலத்தில் மீண்டும் சேர வழி தேடலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1999 நவம்பர் 30 அன்று அருஷாவில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அரசு ஆவணங்களில் காணக் கிடைக்காத ஒன்றை அதன் முகவுரையில் காணலாம். பழைய சமூகம் ஏன் குலைந்தது என்பதற்கான காரணங்களை அது வெளிப்படையாகப் பட்டியலிடுகிறது: உறுதியான அரசியல் விருப்பம் இல்லாமை, தனியார் துறையும் குடிமக்கள் அமைப்புகளும் போதிய அளவில் பங்கேற்காமை, வளர்ச்சி நிலையில் இருந்த ஏற்றத்தாழ்வால் பயன்கள் சமமாகச் சேராமை. மூன்று அரசுகள் தங்கள் தோல்வியைத் தங்கள் கையெழுத்தின் மேலேயே எழுதிவைத்தன. இந்தத் துறையில் இதைவிட மதிக்கத்தக்க ஆவணம் அரிது.

எழுதியதோடு நிற்கவுமில்லை. 2005 ஜனவரியில் புதிய சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தபோது உகாண்டா, தான்சானியாப் பொருள்கள் உடனடியாகத் தீர்வையின்றிக் கென்யாவுக்குள் போயின. ஆனால் கென்யாவிலிருந்து எதிர்த்திசையில் வந்த குறிப்பிட்ட பொருள்களுக்குத் தீர்வை தொடர்ந்தது. உகாண்டாவில் அது பத்து சதவீதத்தில் தொடங்கி, ஆண்டுக்கு இரண்டு சதவீதமாகக் குறைந்து, 2010இல் பூஜ்யமானது. பெரியவர் கதவை முதலில் திறக்கட்டும், சிறியவர்கள் ஐந்தாண்டு அவகாசம் எடுத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. 1967இன் தற்காலிக வரி ஏறவும் செய்யலாம், புதிதாக முளைக்கவும் செய்யலாம். 2005இன் தீர்வைக்கு இறங்கும் படிகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. உகாண்டாவின் ஆலை முதலாளி எந்த ஆண்டு எவ்வளவு போட்டி வரும் என்று கணக்குப் போட்டு இயந்திரம் வாங்க முடிந்தது.

கடற்கரை இல்லாத உகாண்டாவுக்கும், பின்னர் உறுப்பினராகச் சேர்ந்த ருவாண்டாவுக்கும் தீர்வையைவிடப் பெரிய சுமை வழித்தாமதம். மொம்பாசாவில் இறங்கிய கன்டெய்னர் அங்கே ஒரு முறை பதிவாகி, பிணையம் கட்டி, மலாபா எல்லையில் இன்னொரு முறை சோதனைக்கு நின்று, கம்பாலா போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேலும் ஆனதுண்டு. 2014இல் ஒற்றைச் சுங்கப் பரப்பு நடைமுறைக்கு வந்தது. சரக்கு முதலில் நுழையும் துறைமுகத்திலேயே வரி கணக்கிடப்படுகிறது. உகாண்டாவின் சுங்க அதிகாரிகள் மொம்பாசாவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். ஒரு நாட்டின் அதிகாரி இன்னொரு நாட்டின் மண்ணில் தன் நாட்டுக்கு வரி வசூலிப்பது சாதாரண விஷயமல்ல. பயண நேரம் ஒரு வாரத்துக்குள் சுருங்கியது. கென்யா–உகாண்டா எல்லையில் உள்ள புசியாவில் 2018இல் இரு நாட்டு அதிபர்களும் திறந்துவைத்த ஒருங்கிணைந்த எல்லைச் சாவடியில், கடப்பவர் ஒரே கட்டடத்தில் இரு நாட்டுச் சோதனையையும் முடித்துக்கொள்கிறார். தலையில் பீன்ஸ் மூட்டையும் கருவாட்டுக் கூடையும் சுமந்து அந்த எல்லையைக் கடப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2,000 டாலருக்குக் குறைந்த சரக்குக்கு, சாவடியிலேயே கிடைக்கும் எளிய பிறப்பிடச் சான்று போதும் என்ற விதி அவர்களுக்காக வந்தது. அது பரவிய இடங்களில், இருட்டில் திருட்டுப் பாதையில் நடந்து லஞ்சமும் கொடுக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது.

இவ்வளவும் நடந்த அதே வட்டாரத்தில், 2017இல் கென்யாவிலிருந்து நமங்கா வழியாக வந்த 6,400 கோழிக்குஞ்சுகளைப் பறவைக் காய்ச்சல் அச்சம் என்று சொல்லித் தான்சானிய அதிகாரிகள் தீயிலிட்டார்கள். 2021 மார்ச்சில் பூஞ்சை நச்சைக் காரணம் காட்டி உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தைக் கென்யா தடுத்து, சில நாளில் நிபந்தனைகளோடு விட்டது. ருவாண்டாவோ 2019 பிப்ரவரி இறுதியில் உகாண்டாவுடனான கடுனா எல்லையை மூடி, 2022 ஜனவரி 31 அன்றுதான் மீண்டும் திறக்கத் தொடங்கியது. அந்தப் பிணக்கில் சமரசம் பேச வந்தவை அங்கோலாவும் காங்கோ ஜனநாயகக் குடியரசும். அன்று இரண்டுமே சமூகத்தின் உறுப்பினர் அல்ல. அருஷாவில் நீதிமன்றமும் சட்டமன்றமும் செயலகமும் இருந்தும், இரண்டு அதிபர்களின் மனத்தாங்கலுக்கு முன் அவை செயலற்று நின்றது மிகவும் வருத்தத்துக்குரியது. 1971இன் நோய் இன்னும் தீரவில்லை. 2022இல் காங்கோவும் 2024இல் சோமாலியாவும் சேர்ந்து உறுப்பினர் எண்ணிக்கை எட்டாகியிருக்கும் நிலையில், ஒருமித்த முடிவு என்ற பழைய விதி இன்னும் கடினமாகவே இருக்கும்.

தெற்காசியாவுக்கு வருவோம். 1985இல் டாக்காவில் பிறந்த சார்க் அமைப்பின் சாசனமும் எல்லா முடிவுகளையும் ஒருமித்தே எடுக்கச் சொல்கிறது. இருதரப்புப் பிணக்குகளை மேசைக்கே வரவிடாமல் தடுக்கிறது. 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் தலைவர்கள் கூடவில்லை. ஆனாலும் 2011இல் சார்க் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ், மதுவகை, புகையிலை போன்ற 25 இனங்கள் தவிர மற்றவற்றை வளர்ச்சி குறைந்த அண்டை நாடுகளிலிருந்து தீர்வையின்றி வர இந்தியா அனுமதித்தது. தீர்வை போனது, ஆனால் வங்கதேசத்தை ஒட்டிய பெட்ராபோல் எல்லையில் ஒரு நாட்டு லாரியிலிருந்து இன்னொரு நாட்டு லாரிக்குச் சரக்கை மாற்றி ஏற்றும் வழக்கம் போகவில்லை.

தமிழில் இந்தத் துறையை ஆராய்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு களம் இருக்கிறது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2005இன் கிழக்கு ஆப்பிரிக்க ஏற்பாட்டைப் போன்றதே: இந்தியா மூன்று ஆண்டுகளில் திறக்க வேண்டும், இலங்கைக்கு எட்டு ஆண்டு அவகாசம். ஏற்பாடு சரிதான். ஆனால் இலங்கைக்கு முதலில் கிடைத்த பெரிய லாபம் வனஸ்பதியில் வந்தது. பாமாயிலுக்கு இரு நாடுகளிலும் இருந்த தீர்வை வேறுபாட்டைப் பயன்படுத்தி எழுந்த ஆலைகள் அவை. இந்தியா வரம்பு கட்டியதும் அந்த ஏற்றுமதி சரிந்தது. அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் பின்னர் எங்கே போனார்கள்? தேயிலைக்கும் ஆயத்த ஆடைக்கும் விதித்த ஒதுக்கீட்டில் எவ்வளவு உண்மையில் பயன்படுத்தப்பட்டது, பயன்படுத்தப்படாத பங்கு ஏன் கிடந்தது? கொழும்பு, தூத்துக்குடி, சென்னைச் சுங்கப் பதிவுகளை மாவட்ட வாரியான வேலைவாய்ப்புக் கணக்கோடு சேர்த்து வாசித்தால் இவற்றுக்கு விடை எழுத முடியும். அந்த வாசிப்புக்குப் பொருளியலாளர் மட்டும் போதாது; தொழிற்சங்க வரலாறு அறிந்தவரும் சரக்கு முகவர்களோடு பழகியவரும் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இந்த அவையில் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். அமர்வுகளைத் தொடங்கலாம்.