கையொப்பம் வைக்கும் முன் படிக்க வேண்டிய சொற்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் குழுத் தலைவிகளுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டங்களில் முதியோருக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் நாங்கள், முதல் பாடத்தை "மை நேம் இஸ்" என்று தொடங்குவதில்லை. சம்பளச் சிட்டையிலிருந்து தொடங்குகிறோம். பகல் முழுக்க மலையில் கொழுந்து பறித்து, வீட்டில் உலையும் வைத்துவிட்டு வரும் ஒரு தாய்க்கு ஒரு மணித்தியாலம் என்பது சின்ன விஷயமல்ல. அந்த நேரத்தில் அவர் படிக்கும் சொல் அவருடைய காசைக் காப்பாற்ற வேண்டும்.

நம் மக்களுக்கு ஆங்கிலமே தெரியாது என்று சொல்வது சரியல்ல. கிரெடிட், பேலன்ஸ், லோன் எல்லாம் லயத்தில் புழங்கும் சொற்கள்தான். ஆனால் கடையில் ஒரு பொருள், வங்கியில் வேறு பொருள். கடையில் "கிரெடிட்" என்றால் நாம் பட்ட கடன். வங்கிப் புத்தகத்தில் கிரெடிட் என்றால் நம் கணக்குக்கு வந்த காசு. டெபிட் என்றால் போன காசு. சேமிப்புப் புத்தகத்தில் "பேலன்ஸ்" நமக்கு இருப்பது. கடன் புத்தகத்தில் பேலன்ஸ் நாம் இன்னும் கட்ட வேண்டியது. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம்.

அடுத்த சொல் "டிடக்‌ஷன்", அதாவது கழிவு. ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டுகிறார்கள். கம்பனி 12 போட வேண்டும். 1,000 ரூபாய்க்கு 80உம் 120உம் சேர்ந்து 200 ரூபாய் நம் பெயரில் விழ வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான நூற்றுக்கு 3 முழுக்கக் கம்பனியின் பொறுப்பு. அதை நம் சம்பளத்தில் வெட்டியிருந்தால் சிட்டையோடு கமிட்டிக்கு வாருங்கள்.

மூன்றாவது, கடன் பத்திரம். "நூற்றுக்கு 24 வட்டிதான்" என்கிறார்கள். 50,000 ரூபாய் எடுத்து, 12 மாதத்தில் 62,000 கட்டச் சொல்கிறார்கள். மாதா மாதம் முதலும் குறைந்து வருகிறது. வட்டியை மட்டும் முழு 50,000க்கும் கடைசி வரை போடுகிறார்கள். குறைந்து வரும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 40க்கும் மேல். அதனால் வகுப்பில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "ஹவ் மச் இன் டோட்டல்?" மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும்? "கேரன்டர்" என்ற சொல்லுக்குக் கீழே கையொப்பம் வைத்தால், மற்றவர் கட்டாவிட்டால் நாம் கட்ட வேண்டும். இதைத் தெரியாமல் பக்கத்துக் காம்பராவுக்காகக் கையொப்பம் வைக்காதீர்கள்.

சேமிப்பைப் பற்றி நாங்கள் உபதேசம் செய்வதில்லை. சீட்டுப் பிடித்தும், ஒரு சோடித் தோடு வாங்கி வைத்தும் சேமித்து வந்த மக்கள் நாம். சம்பளம் போதாததற்குச் சிக்கனம் மருந்தாகாது; அதற்குச் சம்பளப் போராட்டம்தான் வழி. ஆனால் மிஞ்சுகிற 200 ரூபாயும் பத்திரமாக இருக்க வேண்டும். மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் பெற்ற வங்கி ஒன்று வீழ்ந்தால், வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்படி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. சீட்டுக் காசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கடைக்காரரிடம் கொடுத்து வைத்தால், சம்பளத்தையே கொடுத்து வைத்த மாதிரி.

ஒன்றை மறக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. அரச வங்கியில் தமிழ்ப் படிவம் கேட்பது நம் உரிமை. ஆங்கிலம் படிப்பது அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக அல்ல. தமிழ்ப் படிவம் வரும் வரை, இங்கிலீஷ் தாளைக் காட்டி யாரும் நம்மை ஏமாற்றாமல் இருப்பதற்காக.

ஒவ்வொரு டிவிசனிலும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். பிள்ளைக் காம்பராவோ வாசிகசாலையோ போதும். கரும்பலகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த சம்பளத்துக்கு மறுநாள் முதல் வகுப்பை வையுங்கள். வருகிறவர்கள் தங்கள் சிட்டையைக் கொண்டு வரட்டும். சொல்லிக் கொடுக்க நாங்கள் வருகிறோம்.