களிமண்ணில் கண்ட வர்க்கம்

இயக்க ஆற்றல் யாதெனப் பள்ளி மாணவனை வினவினால், ‘நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி’ எனத் தடையின்றி ஒப்பிப்பான். வர்க்கம் எதற்கு என்றால் மௌனந்தான்.

விடை களிமண்ணில் கிடைத்தது. ஹாலந்து நாட்டு லைடன் நகரப் பேராசிரியர் ஸ்கிராவசாண்டே, 1720-களில், பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்மீது விழவிட்டார். விழும் வேகம் இரு மடங்காக வேண்டுமெனில், நான்கு மடங்கு உயரத்திலிருந்து விடவேண்டும். அப்படி விட்டபோது, குழிந்த பள்ளத்தின் கொள்ளளவும் நான்கு மடங்காயிற்று! வேகத்தை ஒருமுறை பெருக்கினாற் போதும் என்று நியூட்டனின் அன்பர்கள் சாதித்துவந்த காலம் அது. நியூட்டனின் பெருநூலையே பின்னர்ப் பிரெஞ்சில் பெயர்த்த எமிலி து ஷாத்லே அம்மையார், 1740-இல் வெளியிட்ட பௌதிக நூலில் வர்க்கத்தின் பக்கமே நின்றார். அந்த நேர்மை எனக்கு மிகவும் உவப்பானது.

களிமண்ணோடு முடிந்த கணக்கன்று இது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ், பிரேக் பிடித்தபின் 8 மீட்டரில் நிற்பதாகக் கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அது 16 மீட்டரில் நில்லாது. அதே பிடிப்பில் 32 மீட்டர் ஓடியே நிற்கும். குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு ஓட்டுநர் காலை அழுத்துவதற்குள் வண்டி கடந்துவிடும் தூரம் இதில் சேரவில்லை.